நடுவரின் சட்டையில் தேசியக் கொடி: அன்பின் அடையாளமா, விசுவாசச் சோதனையா?

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் இருக்கிறது மண்டகப்பட்டு. மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயிலால் வரலாற்றில் இடம்பெற்ற ஊர். அந்த வட்டாரத்திலும் திண்டிவனம் பக்கமும் உள்ள கிராமங்களில் கபடியும் கைப்பந்தும் கிரிக்கெட்டும் இல்லாமல் பொங்கலோ சுதந்திர தினமோ கழிவது அரிது. ஊர் அணிகளுக்குப் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஜெர்சி வந்து வெகுநாளாகிவிட்டது. நடுவர்களுக்கும் தனிச் சட்டை தைக்கிறார்கள். அந்தச் சட்டையின் நெஞ்சிலோ தோளிலோ தேசியக் கொடியை பேட்சாக வைக்கலாமா? வைத்தே ஆக வேண்டுமா? வைக்காத நடுவரை எப்படிப் பார்ப்பது?

கேட்கும்போது இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இன்று விளையாட்டு மைதானம்தான் தேசபக்தியை அளக்கும் இடமாக மாற்றப்பட்டு வருகிறது. அந்த அளவுகோல் முதலில் யார் மீது வைக்கப்படுகிறது என்பதை நம் சமுதாயம் அனுபவத்தில் அறிந்திருக்கிறது. எனவே இந்தச் சின்ன விஷயத்தை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

தேசியக் கொடியைப் பயன்படுத்துவதற்கு இரண்டு வழிகாட்டிகள் இருக்கின்றன. ஒன்று, 1971ஆம் ஆண்டின் தேசிய கவுரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம். மற்றொன்று, 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடிச் சட்டத் தொகுப்பு.

2003இல் 1971 சட்டத்தில் திருத்தம் வந்தபோது, எந்த வகைச் சீருடையிலும் கொடியை ஒரு பகுதியாகப் பயன்படுத்துவது அவமதிப்பு என்று சேர்க்கப்பட்டது. அப்படியே விட்டிருந்தால் விளையாட்டு வீரர்கள் யாரும் கொடியை அணிந்திருக்க முடியாது. 2005இல் மீண்டும் ஒரு திருத்தம் கொண்டுவந்து அதைத் தளர்த்தினார்கள். இப்போதுள்ள நிலையில், இடுப்புக்குக் கீழே அணியும் உடையிலோ சீருடையிலோ அணிகலனிலோ கொடியைப் பயன்படுத்துவதுதான் குற்றம். கைக்குட்டை, தலையணை, உள்ளாடை, துணிவகை ஆகியவற்றில் கொடியை அச்சிடுவதும் பின்னல் வேலை செய்வதும் குற்றம். கொடியின் மீது எழுத்துகளைப் பொறிப்பதும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

ஆக, ஒரு கபடி நடுவர் தன் சட்டையின் நெஞ்சில் கொடி பேட்ச் அணிவதற்கு இந்தச் சட்டத்தில் தடை இல்லை. அதே சமயம், நடுவர் ஒவ்வொருவரும் கொடி அணிந்தாக வேண்டும் என்றும் இந்தச் சட்டம் சொல்லவில்லை. கொடியைப் பறக்கவிடுவது குடிமகனின் கருத்துரிமையில் அடங்கும் என்று நவீன் ஜிண்டால் வழக்கில் 2004 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை என்றால் விரும்புகிறவர் பயன்படுத்திக் கொள்வது. பிறர் மீது சுமத்துவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

வீரரின் சட்டையும் நடுவரின் சட்டையும்

ஒரு வீரர் கொடி அணிவதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. அவர் யாருக்காக ஆடுகிறார் என்பதை அது சொல்கிறது. நடுவர் யாருக்காகவும் ஆடுவதில்லை. இரண்டு தரப்புக்கும் நடுவில் நிற்பதால்தான் அவருக்கு அந்தப் பெயர். அதனால்தான் சர்வதேசப் போட்டிகளில் நடுவரை அடையாளம் காட்டுவது, விசிலை அவர் கையில் கொடுத்த அமைப்பின் சின்னம். கால்பந்தில் பிஃபா பட்டியலில் உள்ள நடுவர்கள் பிஃபா பேட்ஜ் அணிகிறார்கள். சர்வதேச கிரிக்கெட்டில் நடுவர்கள் ஐசிசியின் சின்னத்தோடு களமிறங்குகிறார்கள்.

இந்த வேறுபாட்டைத் தன் வாழ்க்கையிலேயே காட்டியவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் ஷாஹித் ஹகீம். இந்தியக் கால்பந்தின் மிகச் சிறந்த பயிற்சியாளர் என்று போற்றப்படும் சையத் அப்துல் ரஹீமின் மகன். 1960 ரோம் ஒலிம்பிக் சென்ற இந்திய அணியில் இடம்பெற்றவர். இந்திய விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடராக இருந்தவர். பிறகு பிஃபா நடுவராகி, 1988இல் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையிலும் பணியாற்றினார். நாட்டுக்காக ஆடிய உடை, நாட்டைக் காத்த உடை, இரு நாடுகளுக்கு நடுவில் நின்ற உடை என்று மூன்றையும் அணிந்தவர். மூன்றாவது உடையில் அவர் நாட்டுக்குத் தந்த பெருமை, எந்த நாட்டுப் பக்கமும் சாயாமல் நின்றதுதான். 2021இல் அவர் மறைந்தார்.

நம் மாநிலத்திலும் உதாரணங்கள் இருக்கின்றன. இந்திய அணியின் கேப்டனாக இருந்த எஸ். வெங்கட்ராகவன் பின்னர் நடுவராகி 73 டெஸ்ட் போட்டிகளில் நின்றார். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி 2016இல் பிஃபா நடுவர் பட்டியலில் இடம்பெற்றார். இவர்களை உலகம் ஏற்றுக்கொண்டது நியாயமான முடிவுகளுக்காகத்தான்.

பாலஸ்தீனத்தின் ஹெபா சாதியாவையும் இங்கே நினைக்க வேண்டும். சிரியாவில் இருந்த பாலஸ்தீன அகதிகள் குடும்பத்தில் பிறந்து, போரால் இடம்பெயர்ந்து, ஸ்வீடனில் குடியேறியவர். 2023 மகளிர் உலகக் கோப்பையிலும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் உதவி நடுவராக ஹிஜாப் அணிந்து பணியாற்றினார். ஊரையே இழந்த ஒரு குடும்பத்தின் பெண், இரண்டு நாடுகளுக்கு இடையிலான ஆட்டத்தில் கொடியை உயர்த்தி முடிவு சொல்கிறார். அவர் கையில் இருப்பது உதவி நடுவரின் கொடி. இரு அணிகளும் அதற்குக் கட்டுப்படுகின்றன.

நடுநிலை எப்படி வந்தது?

கிரிக்கெட்டில் நீண்ட காலம் போட்டி நடத்தும் நாடே நடுவர்களையும் நியமித்தது. சொந்த நாட்டு நடுவர் சொந்த அணிக்குச் சாதகமாக இருக்கிறார் என்ற புகார் எழாத தொடர் குறைவு. 1986 நவம்பரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதிய லாகூர் டெஸ்டில் வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்ற இரு இந்திய நடுவர்கள் நின்றார்கள். பாகிஸ்தான் கேப்டன் இம்ரான் கான் நடுநிலை நடுவர்களுக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தவர். பாகிஸ்தான் மண்ணில், பாகிஸ்தான் ஆடும் போட்டியில், இந்திய நடுவர்கள்! இன்றைய சூழலில் கற்பனைகூடச் செய்ய முடியாத காட்சி.

1989இல் இந்திய அணி பாகிஸ்தான் சென்றபோது இங்கிலாந்தின் ஜான் ஹாம்ப்ஷயரும் ஜான் ஹோல்டரும் நடுவர்களாக இருந்தார்கள். சச்சின் டெண்டுல்கர் அறிமுகமான தொடர் அது. 1994 முதல் டெஸ்ட் போட்டிகளில் ஒரு நடுவர் மூன்றாம் நாட்டவராக இருக்க வேண்டும் என்றும், 2002 முதல் இருவரும் அப்படியே இருக்க வேண்டும் என்றும் விதி வந்தது. 2020இல் கொரோனா பயணத் தடைகளால்தான் உள்ளூர் நடுவர்களுக்கு மீண்டும் இடம் கிடைத்தது.

இந்த வரலாறு சொல்வது என்ன? நடுவரின் நாடு ஒரு பிரச்சினையாக இருந்தது. அதை முடிவுகளிலிருந்து விலக்கி வைக்க விளையாட்டு உலகம் பல ஆண்டுகள் பாடுபட்டது. சட்டையில் கொடியைத் தைத்து அதே நாட்டை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்தால், அந்தப் பாடெல்லாம் எதற்கு?

கொடி இல்லாமலே துரத்தப்பட்டவர்

2015 அக்டோபரில் நடந்தது நினைவிருக்கலாம். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் ஆடிய ஒருநாள் தொடரில் பாகிஸ்தானைச் சேர்ந்த அலீம் தார் நடுவராக இருந்தார். 2009, 2010, 2011 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐசிசியின் சிறந்த நடுவர் விருது பெற்றவர். அவர் அணிந்திருந்தது ஐசிசி சீருடை. ஆடிய இரண்டு அணிகளுக்கும் அவர் நாட்டுக்கும் தொடர்பில்லை. அவர் கொடுத்த எந்த முடிவு மீதும் பிரச்சினை எழவில்லை.

அக்டோபர் 19 அன்று சிவசேனா தொண்டர்கள் மும்பையில் உள்ள கிரிக்கெட் வாரிய அலுவலகத்துக்குள் புகுந்தார்கள். பாகிஸ்தான் நடுவர் மும்பையில் நிற்கக் கூடாது என்று மிரட்டினார்கள். ஐசிசி அலீம் தாரைத் தொடரிலிருந்து விலக்கிக்கொண்டது. சென்னையிலும் மும்பையிலும் நடக்க இருந்த கடைசி இரண்டு போட்டிகளில் அவர் நிற்கவில்லை. சென்னையில் அவருக்கு யாரும் மிரட்டல் விடவில்லை. ஆனாலும் சென்னை ரசிகர்களும் உலகின் சிறந்த நடுவர் ஒருவரை இழந்தார்கள்.

2025 செப்டம்பரில் துபாயில் நடந்த ஆசியக் கோப்பை ஆட்டத்தில் இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் கைகுலுக்கவில்லை. கோபம் திரும்பியது போட்டி நடுவர் ஆண்டி பைகிராஃப்ட் மீது. அவர் ஜிம்பாப்வேகாரர். அவரை நீக்க வேண்டும் என்று பாகிஸ்தான் வாரியம் கேட்டது. ஐசிசி மறுத்தது. அடுத்து நடந்த பாகிஸ்தான் – ஐக்கிய அரபு அமீரக ஆட்டம் சுமார் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. இரு நாடுகளின் அரசியல் கோபத்தை மூன்றாவது நாட்டு மனிதர் சுமக்க நேர்ந்தது.

எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நோய் ஒன்றுதான். நடுவரின் முடிவைப் பார்க்காமல் நடுவரையே ஒரு தரப்பாகப் பார்க்கும் நோய். கொடி பேட்ச் இந்த நோய்க்கு மருந்தாகாது.

கொடி இருந்தும் தீராத சந்தேகம்

"கொடி அணிந்துவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாதே, நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புதானே?" என்று சில பெற்றோர் நினைக்கலாம். நடந்தவை அந்த நம்பிக்கையைத் தரவில்லை.

2021 அக்டோபர் 24 அன்று டி20 உலகக் கோப்பையில் இந்தியா பாகிஸ்தானிடம் பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. பதினொரு பேர் ஆடித் தோற்ற ஆட்டத்தில் முகமது ஷமி ஒருவர் மட்டும் மதத்தின் பெயரால் இணையத்தில் குறிவைக்கப்பட்டார். அன்று அவரும் மற்ற பத்துப் பேரின் அதே இந்தியச் சீருடையில்தான் இருந்தார். கேப்டன் விராட் கோலி வெளிப்படையாக அவருக்கு ஆதரவாகப் பேசியது ஆறுதல். 2022இல் ஒரு கேட்சைத் தவறவிட்டதற்காக அர்ஷ்தீப் சிங் என்ற சீக்கிய இளைஞரைப் பிரிவினைவாதி என்று தூற்றினார்கள்.

சானியா மிர்சாவின் கதை இன்னும் கசப்பானது. 2008 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் ஹாப்மன் கோப்பையின்போது அவர் கால்களை மேசை மீது நீட்டி அமர்ந்திருந்த புகைப்படம் வெளியானது. அருகில் தேசியக் கொடி இருந்தது. கொடியை அவமதித்தார் என்று போபாலில் வழக்குத் தொடுத்தார்கள். நாட்டுக்காக ஆடப் போன இடத்தில், ஒரு புகைப்படக் கோணத்துக்காக, தன் தேசபக்திக்கு விளக்கம் சொல்ல வேண்டிய நிலை.

சந்தேகப்பட முடிவு செய்தவருக்கு எந்த பேட்சும் போதாது. கொடி சற்றுச் சாய்ந்திருந்தாலும், நூல் பிரிந்திருந்தாலும், அதுவே அடுத்த புகாராகும்.

விருப்பமும் கட்டாயமும்

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விளையாட்டுச் சீருடைகளில் கொடி பரவலாக வந்தது. அங்கே பல மாநிலங்களில் பள்ளிப் போட்டி நடுவர்களும் சட்டையில் கொடி பேட்ச் அணிகிறார்கள். ஆனால் கட்டாயத்தின் விலை என்ன என்பதையும் அந்த நாடே காட்டியிருக்கிறது. 1991இல் வளைகுடாப் போரின்போது செட்டன் ஹால் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி சீருடையில் அமெரிக்கக் கொடியைத் தைத்தது. அந்த அணியில் இருந்த இத்தாலி மாணவர் மார்கோ லோகார், போரை ஏற்காத தன் கிறிஸ்தவ நம்பிக்கையால் அதை அணிய மறுத்தார். பந்து அவர் கைக்கு வந்தபோதெல்லாம் அரங்கம் கூச்சலிட்டது. அவருக்கும் கர்ப்பிணியான மனைவிக்கும் மிரட்டல்கள் வந்தன. படிப்பை விட்டுவிட்டு நாடு திரும்பினார். சில அங்குலத் துணி ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு அனுப்பியது.

நம் நாட்டு நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் நல்ல பாதையைக் காட்டியிருக்கின்றன. தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்ற மூன்று கேரளக் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து நீக்கிய வழக்கில், 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் குழந்தைகளின் பக்கம் நின்றது. அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். திரையரங்குகளில் தேசிய கீதம் கட்டாயம் என்று 2016 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்ட அதே உச்ச நீதிமன்றம், 2018 ஜனவரியில் அது கட்டாயமில்லை என்று மாற்றியது.

தமிழகத்தில் நடந்த வழக்கு இன்னும் பொருத்தமானது. 2013 கிறிஸ்துமஸ் விழாவில் கோவையில் மூவர்ணமும் அசோகச் சக்கரமும் கொண்ட பெரிய கேக்கை வெட்டியது அவமதிப்பு என்று புகார் போனது. 2021 மார்ச்சில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அது அவமதிப்பாகாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பளித்தார். செயலின் பின்னால் அவமதிக்கும் நோக்கம் இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். கொடி பேட்ச் அணிந்தவருக்கும் அணியாதவருக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

விதி என்றால் எல்லோருக்கும் ஒன்று

சீருடையில் என்ன இருக்கலாம் என்று முடிவு செய்யும் அமைப்புகள் மீதும் கேள்வி இருக்கிறது. 2014 ஜூலையில் சவுத்தாம்ப்டனில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்டில் மொயீன் அலி, காஸாவுக்கு ஆதரவான வாசகங்கள் கொண்ட மணிக்கட்டுப் பட்டைகளை அணிந்தார். ஐசிசியின் போட்டி நடுவர் தடுத்தார். அதே டெஸ்டில் இங்கிலாந்து வீரர்களின் சட்டைக் காலரில் ராணுவத்தினருக்கு உதவும் ஒரு தொண்டு அமைப்பின் சின்னம் இருந்தது. அதற்குத் தடை இல்லை. 2019 மார்ச்சில் ராஞ்சியில் இந்திய வீரர்கள் ராணுவ வண்ணத் தொப்பி அணிய ஐசிசி அனுமதித்தது. அதே ஆண்டு ஜூனில் உலகக் கோப்பையில் தோனியின் கையுறையில் இருந்த ராணுவச் சின்னத்தை அகற்றச் சொன்னது. 2023 டிசம்பரில் உஸ்மான் கவாஜா கையில் கறுப்புப் பட்டை அணிந்ததற்குக் கண்டனமும், புறா படத்துக்கு அனுமதி மறுப்பும் கிடைத்தன.

எது அரசியல், எது மனிதாபிமானம், எது தேசபக்தி என்பது ஆளுக்கு ஆள் மாறினால் அதற்கு விதி என்று பெயரில்லை. ஊர்ப் போட்டிக்குழுவுக்கும் இது பாடம். நடுவர் சட்டையில் கொடி தவிர வேறு எதுவும் கூடாது என்றால் எல்லோருக்கும் கூடாது. கட்சி வண்ணமும் சாதிச் சங்கச் சின்னமும் நடுவரின் கழுத்துத் துண்டாகவோ கைப்பட்டையாகவோ வந்து சேர்வதைக் கண்டுகொள்ளாமல், ஒருவர் கொடி அணியவில்லை என்பதை மட்டும் எண்ணுவது நியாயமாகாது.

நாம் செய்ய வேண்டியது

கொடியிடமிருந்து விலகி நிற்க நமக்கு எந்தக் காரணமும் இல்லை. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட இந்தக் கொடியின் இறுதி வடிவத்தில் பத்ருத்தீன் தியாப்ஜி, சுரையா தியாப்ஜி தம்பதியின் உழைப்பும் இருந்தது என்று அவர்கள் குடும்பத்தினர் பதிவு செய்திருக்கிறார்கள். இது நமது கொடி. யாரிடமும் கடன் வாங்கியதில்லை.

எனவே சுதந்திர தினப் போட்டியில் நடுவராக நிற்கும் நம் பிள்ளை கொடி அணிய விரும்பினால் தாராளமாக அணியட்டும். சட்டம் சொன்னபடி இடுப்புக்கு மேல், காவி மேலே இருக்கும்படி, கொடியின் மீது விளம்பரமோ குழுப் பெயரோ இல்லாமல் அணியட்டும். நைந்துபோன பேட்சைக் குப்பையில் போடாமல், கொடிச் சட்டத் தொகுப்பு சொல்வது போல் தனியிடத்தில் கண்ணியமாக எரித்துவிடலாம். போட்டி முடிந்ததும் மைதானத்தில் கிடக்கும் காகிதக் கொடிகளைச் சேகரிக்கும் பொறுப்பையும் நம் இளைஞர்கள் ஏற்கலாம்.

அணிய விரும்பாதவர் இருந்தால் அவரையும் விட்டுவிட வேண்டும். போட்டிக்குழுவில் நம்மவர்கள் இருக்கும் இடங்களில் இதை முன்கூட்டியே தெளிவாகப் பேசி முடிவெடுப்பது நல்லது. எல்லா நடுவர்களுக்கும் ஒரே சீருடை, அதில் போட்டி நடத்தும் அமைப்பின் சின்னம், கொடி அவரவர் விருப்பம். இவ்வளவு எழுதி வைத்துவிட்டால் ஆட்டத்தன்று தகராறுக்கு இடமிருக்காது. நம் ஜமாஅத்கள் நடத்தும் போட்டிகளுக்கும் இதுவே பொருந்தும். அங்கே நடுவராக வரும் பிற சமயச் சகோதரரிடம் நாம் எந்தச் சின்னத்தையும் எதிர்பார்க்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவர் என்பவர் ஒரு சாட்சி. சாட்சி சொல்லும்போது உறவும் ஊரும் பார்க்கக் கூடாது என்பது நம் வீடுகளில் சிறு வயதிலேயே சொல்லித் தரும் பாடம். சொந்த ஊர் அணி ஒரு புள்ளியில் தோற்கும் நிலையில், கோட்டைத் தாண்டியது நம்ம ஊர்ப் பையன்தான் என்று தெரிந்தும் கையை உயர்த்தி அவனை வெளியே அனுப்பும் நடுவர், இந்த நாட்டின் பெயரைக் காப்பாற்றுகிறார். அவர் சட்டையில் கொடி இருந்ததா இல்லையா என்று அன்று யாரும் கேட்கப் போவதில்லை. அப்படிப்பட்ட நடுவர்களாக நம் பிள்ளைகளை வளர்ப்போம்.